கஞ்சிக் கலயத்தில் ஓட்ஸ்

மொழிக்கு மரபு இருப்பது போலவே நாவுக்கும் ஒரு மரபு உண்டு. வடசொல் தமிழுக்குள் வருங்கால் தனக்கே உரிய எழுத்தைக் களைந்துவிட்டுத் தமிழெழுத்தைப் பூண்டு வருதல் வேண்டும் என்று தொல்காப்பியம் நெறி வகுத்தது. வராதே என்று அது கதவடைக்கவில்லை. வந்த கோலத்திலேயே இருந்துவிடு என்று விட்டுவிடவும் இல்லை. இந்நெறியை வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்கி வருகின்ற நான், அதனை என் வீட்டு அடுக்களையில் பொருத்திப் பார்க்கச் சில ஆண்டுகள் பிந்திவிட்டேன். அதற்குக் காரணமாய் அமைந்தது ஓட்ஸ் என்னும் தானியம். தமிழ்த்துறை மலரில் ஓட்ஸுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் பெரியோர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையார்க்கு எழுபது வயது கடந்த நிலையில் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவர் உணவுப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதன் முதல் வரியிலேயே, காலை உணவாக ஓட்ஸ் என்றிருந்தது. எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாக்கெட்டின் முகப்பில் பாலும் தேனும் பழத்துண்டுகளும் மிதக்கும் கிண்ணத்தின் படம் இருந்தது. தேன் கூடாது, சர்க்கரை கூடாது, வாழைப்பழமும் அளவோடுதான் என்று ஒவ்வொன்றாய்க் கழித்துப் பார்த்தால் எஞ்சியது பால் மட்டுமே. பாலில் வெந்து, இனிப்பும் இன்றி உப்பும் இன்றிக் குழைந்து கிடந்த அந்தப் பசையை அத்தா இரண்டு கரண்டி உண்டார். பிறகு கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, "இது நோய் தீரக் கொடுப்பதா, நோய் வரக் கொடுப்பதா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் மூன்று திங்கள் கழிந்த பின்னர், அவருடைய சட்டைகள் தொளதொளவென்று தொங்கியபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வாண்டு ரமளான் வந்தது. மருத்துவரின் இசைவு பெற்றே அவர் நோன்பு நோற்றார். அரிசிக் கஞ்சியை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாங்களோ குறைப்பதற்கு மாறாக அறவே நிறுத்திவிட்டோம். அன்பின் மிகுதியால் செய்யும் கொடுமைகளில் இதுவும் ஒன்று. மாலையில் பாங்கொலி கேட்டுப் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, வீட்டார் அனைவரும் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்க, அவர் முன்னால் மட்டும் பால் ஓட்ஸ். "நோன்பு எல்லாருக்கும் ஒன்று, கஞ்சி மட்டும் எனக்கு வேறா?" என்றார் அத்தா. அறுபதாண்டுக் காலம் குடித்த கஞ்சியிலிருந்து ஒரு மனிதரை நாங்கள் விலக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு விடை சொன்னவர் மருத்துவரும் அல்லர். நூல் கற்ற நானும் அல்லேன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெரும்பாக்கம் என்னும் பெயரிலேயே அதன் பழைமை இருக்கிறது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்து, ஏரியும் வயலுமாய்க் கிடந்த இவ்வூர் இன்று மூன்று முகங்களைக் காட்டி நிற்கிறது. ஒருபுறம் சோழிங்கநல்லூரின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களை நம்பி எழுந்த உயர்குடியிருப்புகள். ஒருபுறம் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். 2022 சனவரியில் அதன் புதிய வளாகம் இங்கே திறக்கப்பட்டது. மற்றொருபுறம், கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பிற நீர்நிலை ஓரங்களிலும் வாழ்ந்த மக்களைப் பெயர்த்துக் கொணர்ந்து, சிறப்பாக 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர், அரசு குடியமர்த்திய எட்டடுக்குத் தொகுதிகள். காலை ஏழு மணிக்கு அத்தொகுதிகளிலிருந்து பெண்கள் சாரிசாரியாகப் புறப்பட்டு உயர்குடியிருப்புகளின் அடுக்களைகளுக்குச் செல்வதை எவரும் காணலாம். ஒரே ஊரில் ஒரு வீட்டில் ஓட்ஸ் காய்ச்சிவிட்டு, மறு வீட்டில் கூழ் குடிக்கும் வாழ்க்கை அவர்களுடையது.

அப்படி எங்கள் வீட்டிற்கு உதவிக்கு வரும் அம்மையார் ஒருவர், அத்தா ஒதுக்கிய கிண்ணத்தைக் கழுவ எடுத்துச் செல்லும்போது என் மனைவியிடம் கேட்டார்: "இன்னாக்கா இது, கஞ்சியில போய்ப் பால ஊத்தி வெச்சிருக்கீங்க? கூழு மாதிரி மோரு ஊத்தி, உப்புப் போட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடுங்க. தாத்தா குடிப்பாரு."

மறுநாள் ஸஹர் வேளையில் அவ்வாறே செய்தோம். ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, மோர் ஊற்றிக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கொடுத்தோம். அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை, கிண்ணம் காலியாயிற்று.

அவ்வம்மையார் இலக்கணம் படித்தவரல்லர். ஆயினும் வந்த சொல்லுக்குத் தமிழெழுத்துப் பூட்டும் வேலையைத்தான் அவர் செய்தார். அயல் தானியம் எதுவாயினும் தமிழ் அடுக்களை அதனை உப்பிட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கோதுமை நம் வயலில் விளைந்து நமக்குப் பழகிய பயிரன்று. அது ரவையாய் வந்தது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமா ஆக்கினோம். நூல் நூலாய்ச் சேமியா வந்தது, அதையும் விடவில்லை. பாயசமும் கேசரியும் விருந்து நாளுக்கு. அன்றாடக் காலைக்கு உப்புமாவும் கிச்சடியும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, ரவை உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி, வெண்பொங்கல் என்றே பெரும்பாலும் பட்டியல் அமைந்தது. காலையில் உப்பைத் தேடும் நம் குழந்தைகளின் நாவை அறிந்து செய்த ஏற்பாடு அது. அவ்வாறிருக்க, ஓட்ஸ் ஒன்றுக்கு மட்டும் பாலும் சர்க்கரையும் என்று ஏன் தனி விதி செய்துகொண்டோம்? பாக்கெட்டில் படம் அப்படி இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

விந்தை யாதெனில், ஓட்ஸைத் தலைமுறை தலைமுறையாய் உண்டு வாழ்ந்த மண்ணிலும் அது உப்பிட்ட உணவே. ஸ்காட்லாந்து நாட்டு மரபுவழிக் கஞ்சி, ஓட்ஸ், தண்ணீர், உப்பு ஆகிய மூன்றால் ஆவது. அந்நாட்டுக் கார்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1994 முதல் உலகக் கஞ்சிப் போட்டி ஒன்று நடந்து வருகிறது. கஞ்சி துழாவும் மரக்கோலைப் பொன்னிறத்தில் செய்து பரிசாக அளிக்கிறார்கள். அதன் மரபுப் பிரிவில் இந்த மூன்று பொருள்களுக்கு மேல் எதுவும் சேர்க்கக் கூடாது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, இங்கிலாந்தில் குதிரைக்கு இடும் தீனி ஸ்காட்லாந்தில் மனிதருக்கு உணவு என்னும் பொருள்பட இத்தானியத்திற்கு விளக்கம் எழுதி ஏளனம் செய்தது. அகராதியிலும் வன்மம் புகும் என்பதற்கு நம் மாணவர்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்தியாவிலும் வடபுலங்களில் ஓட்ஸ் பெரிதும் கால்நடைத் தீவனமாகவே பயிராகிறது. நம் கடைகளில் உள்ளதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வரும் தானியத்தால் ஆனது.

நம் சமுதாயத்தைச் சேர்ந்தோர்க்கு இன்னும் அண்மையான சான்று வளைகுடாவில் இருக்கிறது. சவூதி அரேபியாவில் ரமளான் மாலைகளில் வீட்டுக்கு வீடு மணப்பது ஓட்ஸ் ஷோர்பா. இறைச்சியோ கோழியோ வேகவைத்த சாற்றில் வெங்காயமும் தக்காளியும் மிளகும் சீரகமும் சேர்த்து, ஓட்ஸைத் தூவிக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து அருந்துகிறார்கள். அங்கே பணிபுரிந்து திரும்பிய நம்மவர்களின் அட்டைப் பெட்டிகளில் ஓட்ஸ் டின்னும் வந்தது. பாலில் கரைக்கும் பொருளென்று எண்ணி அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டோம். ஷோர்பாவைச் செய்யும் முறையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வர ஒருவரும் நினைக்கவில்லை போலும். எங்கள் வீட்டிலும் அப்படியொரு டின் இருந்தது. காலியான பின் அதில் மல்லி விதை போட்டு வைத்திருந்தோம்.

கஞ்சியின் வரலாறும் உப்பும் காரமும் கலந்ததே. கஞ்சி என்னும் சொல்லாட்சி பட்டினப்பாலையிலேயே உள்ளது. போர்ச்சுகீசியர் வழியே அது கடல் கடந்து ஆங்கிலத்தில் காஞ்சீ ஆயிற்று. 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில் கார்சியா த ஒர்த்தா என்னும் மருத்துவர், மிளகும் சீரகமும் இட்ட அரிசிக் கஞ்சியை நோயாளிக்குத் தருவதைக் குறித்திருக்கிறார். நோயாளிக்குப் பத்தியம் என்றால் உப்பும் காரமும் இன்றிச் சப்பென்று இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ அறியேன். நம் முன்னோர் மிளகை விலக்கவில்லை.

"நோன்புக் கஞ்சியில் ஓட்ஸா?" என்று முகம் சுளித்த பெரியவர் ஒருவரிடம் நான் பணிவோடு சொன்னது இது: நோன்புக் கஞ்சி எங்கும் ஒரே வகையாய் இருந்ததில்லை. சில ஊர்களில் கறி கொத்திப் போடுவர். சில ஊர்களில் பருப்பும் தேங்காய்ப்பாலும் மட்டும். மலபாரில் சீரகக் கஞ்சி. ஐதராபாத்தில் கோதுமையும் இறைச்சியும் சேர்ந்த ஹலீம். அது 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. தானியம் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. மாறாதது, பசித்த வயிற்றுக்கு இளஞ்சூட்டில் நீர்த்த உணவு ஒன்றை முதலில் தருதல் என்னும் முறை. பெரியவர் முழுதும் இசைந்தார் என்று சொல்லமாட்டேன். "ருசி எப்படியிருக்கும்?" என்று கேட்டார், அதை நான் பாதி இசைவாக எடுத்துக்கொண்டேன்.

இனிச் செய்முறை. இதை விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் எங்கள் வீட்டில் முதல் இரண்டு முறையும் கெட்டது. நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசியையும் பருப்பையும் ஒன்றாகவே அடுப்பில் ஏற்றுவோம். ஓட்ஸை அப்படி ஏற்றினால் பருப்பு வேகுமுன் ஓட்ஸ் கரைந்து சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிடும். நால்வர்க்கு 50 கிராம் பாசிப்பருப்பை ஒரு தேக்கரண்டி வெந்தயத்தோடு முதலில் மலர வேகவைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு பாத்திரத்தில் சிறிது எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா, மல்லித்தழை வதக்கி, கேரட்டோ கொத்துக்கறியோ சேர்த்து, வெந்த பருப்பையும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரையும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். கறி வெந்த பின்னரே ஓட்ஸ். 100 கிராம் ஓட்ஸை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துக்கொண்டால் வழவழப்பு மட்டுப்படும். தட்டையாக்கிய ஓட்ஸானால் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். மணியை இரண்டு மூன்றாக வெட்டிய வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது பார்வைக்கும் பதத்திற்கும் நம் நொய்யரிசியைப் போன்றதே. வேக அரைமணி நேரம் ஆகும். நோன்புக் கஞ்சிக்கு அதுவே உகந்தது. இறக்கும் தறுவாயில் நீர்த்த தேங்காய்ப்பால் சிறிது, கடைசியில் உப்பு. ஓட்ஸ் கஞ்சி ஆற ஆற இறுகும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது சற்றுத் தண்ணீராகத் தோன்றினால் அஞ்ச வேண்டா. மாலையில் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளவும் செய்யலாம்.

சத்தைப் பற்றிய செய்திகளும் சில உண்டு. ஓட்ஸின் வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள். நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் அது உடலில் சேர்ந்தால் தீய கொழுப்பு குறைய உதவும் என்பதை ஏற்று, 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவ்வாறு விளம்பரம் செய்துகொள்ள இசைவளித்தது. ஏறத்தாழ 60 கிராம் ஓட்ஸில் அந்த அளவு கிடைத்துவிடும். இரத்தத்தில் சர்க்கரை ஏறும் விரைவையும் அந்நார் மட்டுப்படுத்துகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டுள்ள நிலையில் இஃது எளிய செய்தியன்று. எனினும் மிக மெல்லிதாய் அரைத்துத் தட்டிய, மூன்று நிமிடத்தில் ஆகும் வகையில் சர்க்கரை விரைந்தே ஏறும். எனவேதான் வெட்டிய வகையை மேலே பரிந்துரைத்தேன்.

மசாலா கலந்து வரும் சிறு பாக்கெட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "உப்பிட்ட ஓட்ஸ்தானே, இதோ கடையிலேயே கிடைக்கிறதே" என்று மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு பாக்கெட்டை நீட்டினார். திருப்பிப் பின்புறம் படித்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே உப்பு என்று எழுதுவதில்லை. சோடியம் என்று எழுதுவார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு. நாள் முழுதுக்கும் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் உண்ணும் நமக்கு அந்தக் கணக்கு எந்த நேரத்தில் தீர்ந்துபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பை நம் கையால் இட்டால் அளவும் நம் கையில் இருக்கும்.

சிறுதானிய அன்பர்கள் என்மீது சினம் கொள்ளக்கூடும். கேழ்வரகும் கம்பும் இருக்க ஓட்ஸ் எதற்கு என்பது அவர்கள் வினா. பாதி வினாவுக்கு நான் அவர்கள் பக்கம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஓட்ஸில் 50ஐ ஒட்டியே உண்டு. விலையிலும் கேழ்வரகே எளியோர்க்கு உற்றது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கிற்று. அது பெரும்பாக்கத்துக்கும் வந்தால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன். எங்கள் வீட்டுக்கு வரும் அம்மையார் ஓட்ஸ் வாங்கிக் காய்ச்ச வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவர் குடிக்கும் கூழ் ஓட்ஸுக்குத் தாழ்ந்ததன்று. "கஞ்சிக்கு வழியில்லாதவன்" என்று ஏழையைக் குறிக்கும் சமுதாயம், அதே கஞ்சி வேறு தானியத்தில் பளபளக்கும் உறையில் வந்தவுடன் அதை மதிப்பின் அடையாளமாய் மேசையில் வைக்கிறதே, அந்தப் பேதைமைதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவர் சொல்லி ஓட்ஸ் வாங்க வேண்டியவர்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதைக் கஞ்சியாகவே கருதி, கஞ்சி போலவே காய்ச்சிக் குடிக்கட்டும் என்பதே என் வழக்கு. காடைக்கண்ணி என்று இத்தானியத்திற்குத் தமிழ்ப்பெயர் வழங்குவாரும் உளர். தமிழாசிரியனாகிய நானே கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னைக் கால்நடைத் தீவனக் கடைக்குப் போகச் சொன்னார். பெயர் பின்னால் வரட்டும். சுவை முதலில் தமிழாகட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் தனிப்பாத்திரத்தில் ஓட்ஸ் கஞ்சி கொதிக்கத் தொடங்கியபோது எனக்குள் ஓர் அச்சம் எழுந்தது. பள்ளிவாசல் தேக்சாவில் காய்ச்சும் கஞ்சிக்கு வெறும் உணவு என்பதற்கு மேற்பட்ட பொருள் உண்டு. அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளிகளோடு நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்துச் சிறுவர்களும் நிற்பார்கள். 2001 முதல் தமிழக அரசு அதற்கென அரிசி வழங்கி வருகிறது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்த ரமளானில்கூட 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டு, கஞ்சி காய்ச்ச வழியின்றி, அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. அரிசி வந்தது, வரிசை இல்லை. அந்த வெறுமையை அனுபவித்தவர்கள் நாம். உடல்நலம் என்னும் பெயரால் ஒவ்வொரு வீடும் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் கதவைச் சாத்திக்கொள்ளுமானால் அந்த வரிசை மெல்ல மெல்லக் குறையும். சர்க்கரை நோயுள்ள முதியோர் பெருகிவிட்ட இந்நாளில், பெரிய தேக்சாவின் அருகே ஒரு சிறு பாத்திரத்தில் அவர்களுக்கென ஓட்ஸிலோ கேழ்வரகிலோ கஞ்சி காய்ச்சிப் பகிர்வதைப் பள்ளிவாசல் நிருவாகத்தார் எண்ணிப் பார்க்கலாகாதா? செலவு பெரிதன்று. முதியவர் ஒருவர் தம் வாளியோடு தாமும் அந்த வரிசைக்கு வர முடியும்.

எங்கள் வீட்டில் இதற்கு அத்தாவே ஒரு தீர்வு கண்டுவிட்டார். அடுத்த வீட்டுச் சிறுவன் நாள்தோறும் மாலையில் எங்கள் வாளியையும் சேர்த்து எடுத்துச் சென்று பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வருவான். அத்தா தம் கோப்பையில் ஓட்ஸ் கஞ்சியை முக்கால் அளவு நிரப்பிக்கொள்வார். பிறகு அவ்வாளியைத் திறந்து, அதிலிருந்து ஒரே ஒரு கரண்டி மொண்டு மேலாக ஊற்றிக் கலக்குவார். மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "எவ்வளவு பெரிய கரண்டி?" என்று மட்டும் கேட்டார்.